பழைய மொறிஸுக்குப் புதிய கியர் பெட்டி: வெட்டுமுன் அளப்போம்

வீட்டை விட்டுப் புறப்படும்போது கொண்டு செல்ல முடியாத பொருட்களில் பழைய காரும் ஒன்று. பெற்றோல் இருக்காது, அல்லது பற்றரி இறங்கியிருக்கும், அல்லது போகும் வழி கார் போகும் வழியாக இராது. ஆகவே மாட்டுக் கொட்டிலுக்குள் தள்ளிவிட்டு, நாலு கிடுகு சாத்தி மறைத்துவிட்டு, கையில் அகப்பட்டதுடன் நடந்தவர்கள் பலர். 1985இலும் பின்னர் 1990 ஜூன் மாதத்திலும் திருகோணமலைக்கு வடக்கே சாம்பல்தீவு, நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துக் குடும்பங்கள் அப்படித்தான் வெளியேறின. சிலர் ஆலஸ்தோட்ட முகாமில் இருந்தார்கள், சிலர் கடல் கடந்து இந்தியாவுக்குப் போனார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது மீண்டும் ஓட்டம். திரும்பி வந்து பார்த்தால் கூரை இல்லை, கதவு நிலை இல்லை. ஆனால் கொட்டிலில் மொறிஸ் மைனர் துருப்பிடித்தபடி நின்றிருக்கும். இரும்பு கனமானது, தூக்கிக்கொண்டு போக எல்லோராலும் முடியாதல்லவா.

இன்று அந்தக் காரை மீண்டும் ஓட்டலாமா என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இன் தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தது. திறந்தபின் வந்த விலையைக் கேட்டவர்களுக்குப் பழைய கார் மேல் புதிய பாசம் பிறந்திருக்கிறது. கத்தரிக்காயையும் வெங்காயத்தையும் சந்தைக்குக் கொண்டுபோக, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் விட, நோயாளி ஒருவரை இரவில் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக, ஒரு கார் வீட்டில் நிற்பது சிறிய விஷயம் அல்ல.

எஞ்சினை ஒருவாறு சுழல வைத்துவிடலாம். பெரும்பாலும் சிக்கல் கியர் பெட்டியில்தான். அப்போது யாராவது ஒருவர் வந்து சொல்வார்: "அதைக் கழற்றி எறியுங்கள் ஐயா. ஜப்பான்காரனின் ஐந்து கியர்ப் பெட்டி ஒன்று போட்டால் புதுக் கார் மாதிரி ஓடும்." அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதிக்காகவே இந்தப் பாடம். ஏனென்றால் இதற்குப் போகும் காசு, அநேகமாக ஒரு போகத்து விளைச்சலின் காசு.

கியர் பெட்டி செய்யும் வேலை

துலாவில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது இலகு. நீளமான கையில் குறைந்த பலத்தோடு கூடிய தூரம் இழுத்தால், குட்டையான பக்கத்தில் பாரம் மெல்ல எழும்புகிறது. பலம் கூடுகிறது, வேகம் குறைகிறது. லான்ட்மாஸ்ரர் வைத்திருந்தவர்கள் சேற்றில் ஒரு கியரிலும் தெருவில் இன்னொரு கியரிலும் ஓட்டியது இதே காரணத்துக்காகத்தான். சிறிய பல்சக்கரம் பெரியதைச் சுழற்றும்போது பெரியது மெதுவாகவும் பலமாகவும் சுழல்கிறது.

மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. 1971 வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. 1956இல் வந்த மைனர் 1000 என்ற வகையில் 948 சிசி எஞ்சின், 1962 முதல் 1098 சிசி. எங்கள் பக்கத்தில் மிஞ்சி நிற்பவற்றில் இவ்விரண்டுமே அதிகம். 948 எஞ்சின் காரின் முதலாம் கியரில் எஞ்சின் ஏறத்தாழ 3.63 தடவை சுழன்றால் புறொப்பலர் சாப்ட் ஒரு தடவை சுழலும். நாலாம் கியரில் ஒன்றுக்கு ஒன்று. அதற்குப் பின்னால் டிபரென்சியலில் இன்னொரு குறைப்பு இருக்கிறது: 948 காரில் 4.55, 1098 காரில் 4.22. இரண்டையும் பெருக்கினால்தான் சக்கரத்துக்கு வந்து சேரும் கணக்குத் தெரியும். முதலாம் கியரில் 3.63 பெருக்கல் 4.55, அதாவது எஞ்சினின் 16 அரைச் சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

முதலாம் கியரின் நோய்

மொறிஸின் பெட்டியில் இரண்டாம், மூன்றாம், நாலாம் கியர்களுக்குப் பித்தளை வளையம் உண்டு. கூம்பு வடிவமான அந்த வளையம், பற்கள் கோர்ப்பதற்கு முன் இரு பக்கத்து வேகத்தையும் உரசிச் சமப்படுத்துகிறது. ஒரு சிறிய கிளச் என்று எண்ணிக்கொள்ளலாம். முதலாம் கியருக்கு மட்டும் அந்த வளையம் இல்லை. ஆகவே கார் முற்றாக நின்ற பின்னரே முதலாம் கியர் போடவேண்டும். இல்லாவிட்டால் கிளச்சை இருமுறை மிதித்து, இடையில் எஞ்சினைச் சற்று முடுக்கி, வேகத்தைக் காலாலேயே சமப்படுத்த வேண்டும். பழைய ஹயர் கார்ச் சாரதிகள் இதைச் சத்தமே இல்லாமல் செய்வார்கள். ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ் ஓட்டியவர்களுக்கும் இதே பழக்கம்தான். அவற்றிலும் முதலாம் கியருக்கு வளையம் கிடையாது.

அவர்களின் பிள்ளைகள் அப்படி ஓட்டுவதில்லை. புதிய வான்களில் பழகிய கால் அது. குழியைக் கண்டு மெதுவாக்கி, கார் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே முதலாம் கியருக்குத் தள்ளுவார்கள். 'கறக்' என்று ஒரு சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் பல்லின் முனையில் ஒரு துணுக்கு உடைந்து எண்ணெயோடு சேர்கிறது. இதில் ஒரு கொடுமை: இப்பெட்டியில் முதலாம் கியரின் பற்கள், இரண்டாம் கியரின் வளையத்தைத் தாங்கும் குடத்தின் வெளிப்பக்கத்திலேயே வெட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று கெட்டால் மற்றதையும் சேர்த்தே மாற்றவேண்டி வரும்.

ஆகவே முதலில் உங்கள் பெட்டியின் நோய் என்ன என்று காது கொடுத்துக் கேளுங்கள். முதலாம், இரண்டாம், மூன்றாம் கியர்களில் இரைச்சல், ஆனால் நாலாம் கியரில் அமைதி என்றால், கீழ்த்தண்டின் ஊசிப் பெயாரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. நாலாம் கியரில் பலம் நேராகப் போவதால் கீழ்த்தண்டுக்குப் பாரமில்லை, அதனால்தான் சத்தமும் இல்லை. கியர் தானாக வெளியே துள்ளினால் உள்ளேயிருக்கும் குண்டும் சுருளும், அல்லது பற்களின் ஓரமும் தேய்ந்திருக்கலாம். எல்லாக் கியரும் போடக் கடினம் என்றால் பெட்டியைக் குறை சொல்லுமுன் கிளச்சைப் பாருங்கள். நீண்டகாலம் நின்ற காரில் கிளச் பிளேற் பிளைவீலோடு ஒட்டிக்கொண்டிருப்பது சாதாரணம். நல்ல பெட்டியைக் கிளச்சின் குற்றத்துக்காகக் கழற்றிப் போட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று, எண்ணெய். மொறிஸின் பெட்டிக்கு எஞ்சின் எண்ணெயே ஊற்றவேண்டும். தயாரிப்பாளர் சொன்னது 30ஆம் தர எண்ணெய், ஏறத்தாழ ஒன்றேகால் லீற்றர். டிபரென்சியலுக்கு ஊற்றும் தடித்த கியர் எண்ணெயை இதற்குள் ஊற்றினால் பித்தளை வளையம் உரசிப் பிடிக்காது, கியர் போட மறுக்கும். கடல் நீரோ வெள்ளமோ ஏறிய கார் என்றால் அடியிலுள்ள மூடியைத் திறந்து முதலில் வருவதைப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்படியே ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

பெயாரிங்கும் வளையமும் மட்டும் தேய்ந்திருந்தால் பழைய பெட்டியைத் திருத்துவதே மேல் என்பது எனது அபிப்பிராயம். மொறிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் செய்யப்படுகின்றன. 1990களில் இந்தக் காரின் உடற்தகடுகள் எங்கள் நாட்டிலேயே செய்யப்பட்டு அங்கு ஏற்றுமதியானதும் உண்டு. ஆனால் முதலாம் கியர் பற்களும் குடமும் கீழ்த்தண்டும் ஒன்றாகப் போயிருந்தால் திருத்தும் செலவும் காத்திருக்கும் காலமும் கூடிவிடும். அப்போதுதான் வேறு பெட்டி என்ற பேச்சுக்கு நியாயம் உண்டு.

எந்தப் பெட்டி?

இங்கிலாந்தில் இந்த மாற்றத்தைச் செய்பவர்கள் பெரும்பாலும் போர்ட் சியராக் காரின் ஐந்து கியர்ப் பெட்டியைப் போடுகிறார்கள். அதற்கென்றே செய்த உறை, கிளச் பிளேற், தாங்கி எல்லாம் கட்டாக விற்பனைக்கு உண்டு. எங்களுக்கு அந்தப் பெட்டி எட்டாப் பொருள். எங்கள் பட்டறைகளில் கிடைப்பது ரொயோட்டாவும் டட்சனும்தான்.

டட்சனைப் பற்றி ஒரு சிறு செய்தி. அந்தக் கம்பனி 1952இல் ஒஸ்ரினோடு ஒப்பந்தம் செய்து, ஏ40 காரையும் பின்பு ஏ50 கேம்பிரிட்ஜையும் ஜப்பானில் பூட்டியது. அதாவது எங்கள் ஹயர் கார்களின் தொழிலை அவர்கள் ஒரு காலத்தில் இருந்து படித்தவர்கள். பிற்காலத்து டட்சன் எஞ்சினைத் திறக்கும் பழைய ஒஸ்ரின் மெக்கானிக் அதில் அந்நியம் பாராட்டாமல் வேலை செய்வதில் வியப்பில்லை.

வாங்கப் போகும்போது முதல் கேள்வி: பெட்டி பின்சக்கர இழுவைக் காருடையதா? ரொயோட்டாக் கொரொல்லாவில் கேஈ70 வரையும், அதன் வழிவந்த டிஎக்ஸ் வகனிலும், பழைய ஸ்டார்லெற்றிலும், டட்சன் சனி பி310இலும் பின்சக்கரமே இழுக்கிறது. அதற்குப் பின்வந்த சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை. அவற்றின் பெட்டி எஞ்சினோடு குறுக்காக நிற்பது. எங்களுக்கு ஒன்றுக்கும் உதவாது. பஞ்சிகாவத்தையில் மலிவாகக் கிடைத்தது என்று தோளில் சுமந்து வந்து, பின்பு இரும்புக் கடைக்குக் கொடுத்தால் நட்டம் உங்களுக்கே. வான்களின் பெட்டி பின்சக்கர இழுவையாக இருந்தாலும், கியர் கோல் வேறு இடத்தில் இருக்கும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கியர் கணக்கு. விற்பவர் சொல்வதை நம்பவேண்டியதில்லை, நீங்களே எண்ணலாம். பெட்டியை மேசையில் வையுங்கள். முன் தண்டிலும் பின் தண்டிலும் வெண்கட்டியால் ஒவ்வொரு கோடு போடுங்கள். முதலாம் கியரில் வைத்து, பின் தண்டு ஒரு முழுச் சுற்றுச் சுழலும் வரை முன் தண்டைக் கையால் சுழற்றி எண்ணுங்கள். ரொயோட்டாவின் சிறிய கொரொல்லாப் பெட்டியில் மூன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் கூட வரும். புத்தகக் கணக்கு 3.79. ஐந்தாம் கியரில் வைத்துப் பின் தண்டைப் பத்துச் சுற்றுச் சுழற்றினால் முன் தண்டு எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் நிற்கும், அதாவது ஏறத்தாழ 0.87. இப்படிச் சுழற்றும்போதே கையில் உறுத்தலும் தடக்கும் தெரிந்தால் அந்தப் பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள்.

உங்கள் காரின் டிபரென்சியலையும் இதேபோல் அறியலாம். முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, கியரை நியூற்றலில் விட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜக்கால் உயர்த்தி, அடியில் உறுதியான முண்டு கொடுத்து, கைப் பிறேக்கை விடுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் யாரும் புகக்கூடாது. உயர்த்திய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுழற்றும்போது புறொப்பலர் சாப்ட் எத்தனை சுற்று? நாலரையை அண்டினால் 4.55. நாலேகாலுக்குச் சற்றுக் குறைய நின்றால் 4.22.

ஐந்தாம் கியரால் சாம்பல்தீவுக்கு என்ன?

இனிக் கணக்குப் போடுவோம். 948 மொறிஸில் 4.55 டிபரென்சியலோடு, நாலாம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரம் தடவை சுழன்றால் கார் மணிக்கு ஏறத்தாழ 24 அரைக் கிலோமீற்றர் வேகத்தில் போகும். ஆகவே 60 கிலோமீற்றர் வேகத்துக்கு எஞ்சின் 2450 தடவை சுழலவேண்டும். ஐந்தாம் கியர் இருந்தால் அது 2120 அளவுக்கு இறங்கும். 80 கிலோமீற்றரில் 3265க்குப் பதில் 2825. கந்தளாய், ஹபறணை வழியாகக் கொழும்புக்கோ, அனுராதபுரத்துக்கோ அடிக்கடி ஓடும் காருக்கு இது பெரிய ஆறுதல். இரைச்சல் குறையும், எஞ்சின் நாள் கூட உழைக்கும், பெற்றோலும் ஓரளவு மிச்சம்.

ஆனால் சாம்பல்தீவிலிருந்து உப்புவெளி தாண்டித் திருகோணமலைச் சந்தைக்குப் பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை. பாலம், சந்தி, மாடுகள், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள். இந்த வழியில் 45 கிலோமீற்றருக்கு மேல் ஓடும் வேளை எவ்வளவு? 45இல் ஐந்தாம் கியரைப் போட்டால் எஞ்சின் 1600 சுற்றுக்கும் கீழே வந்துவிடும். பின்னால் நாலு மூட்டை மரக்கறியும் இருந்தால் எஞ்சின் மூச்சுத் திணறும். பெற்றோல் மிச்சமாவதற்குப் பதிலாக, காலை மேலும் மிதித்துச் செலவையே கூட்டுவீர்கள்.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில், 1990களில், இதே ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் சில துளி பெற்றோலில் உயிர் பெற்று மண்ணெண்ணெயில் ஓடியது பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சாரதிகள் கார் சற்று இழுக்கச் சிரமப்பட்டதும் உடனே கீழ்க் கியருக்கு இறக்கினார்கள். உயர்ந்த கியரில் வைத்து மிதித்தால் எஞ்சினுக்குள் மணி அடிப்பது போல் தட்டும் சத்தம் கேட்கும், பிஸ்ரன் கெடும். மண்ணெண்ணெய்க்கு அது கூடுதல் உண்மை, பெற்றோலுக்கும் உண்மைதான்.

அப்படியானால் எமது காருக்குப் புதிய பெட்டியால் வரும் நன்மை எங்கே? முதலாம் கியரில். அதற்கும் பித்தளை வளையம் உண்டு. ஊர்ந்துகொண்டிருக்கும்போதே போடலாம், எந்தப் பிள்ளையும் ஓட்டலாம். இழுவையும் சற்றுக் கூடுகிறது: 3.79 பெருக்கல் 4.55, அதாவது 17 காலுக்கு ஒன்று. முன்பு 16 அரை. உவர்மலை ஏற்றத்தில் பாரத்தோடு நின்று புறப்படும்போது இந்தச் சிறு வித்தியாசம் கிளச்சுக்குத் தெரியும். அத்தோடு நாளைக்கு ஒரு பெயாரிங் போனால் திருகோணமலைக் கடையிலோ, மிஞ்சினால் கொழும்பிலோ கிடைக்கும்.

சிலர் புதிய பெட்டியோடு 4.22 டிபரென்சியலையும் மாற்றச் சொல்வார்கள். அப்போது முதலாம் கியர் 16க்கு ஒன்று, பழையதை விடச் சற்றுக் குறைவு. ஐந்தாம் கியர் மேலும் நீளும். ஆட்களை ஏற்றித் தூரம் ஓடுபவருக்கு அது சரி. மரக்கறி ஏற்றுபவர் 4.55ஐ விடவேண்டாம்.

பொருத்தும் வேலை

இங்கே இரண்டு வழி உண்டு. ஒன்று, ஜப்பானிய எஞ்சினையும் பெட்டியையும் சேர்த்தே போடுவது. கொரொல்லாவின் 4கே எஞ்சின் 1290 சிசி. இரண்டும் ஒன்றுக்கொன்று பிறந்தவை, இடையில் தகடு வேண்டாம். எங்கள் நாட்டில் அதிகம் நடப்பது இதுதான். ஆனால் எஞ்சின் இலக்கம் உங்கள் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதியவேண்டும், வாங்கியதற்கான பற்றுச்சீட்டு வேண்டும். இடப்பெயர்வில் பதிவுப் புத்தகமே தொலைந்த குடும்பங்கள் முதலில் அதன் பிரதியைப் பெற்றுக்கொண்டு பின்னர் எஞ்சினைத் தொடுங்கள். வீதிச் சோதனையில் இலக்கம் ஒத்துவராவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பலம் கூடிய எஞ்சினுக்குப் பழைய பிறேக்கும் போதாது. 948 காரின் முன் பிறேக் ஏழு அங்குலம். தயாரிப்பாளரே 1098 எஞ்சினைப் போட்டபோது அதை எட்டு அங்குலமாக்கினார்கள். 1290க்கு எவ்வளவு வேண்டும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மற்ற வழி, மொறிஸ் எஞ்சினை வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் மாற்றுவது. கியர் பெட்டியின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இல்லை, அந்தத் தொல்லை குறைவு. ஆனால் லேத் வேலை கூட. எஞ்சினுக்கும் புதிய பெட்டியின் உறைக்கும் இடையில் ஒரு தடித்த தகடு செய்து பூட்டவேண்டும். இந்தத் தகட்டில்தான் மாற்றத்தின் உயிர் இருக்கிறது.

பெட்டியின் முன் தண்டு, எஞ்சினின் கிராங் தண்டின் நடுக்கோட்டில் அப்படியே நிற்கவேண்டும். கண் மட்டத்தில் பார்த்துத் துளை போடும் வேலையல்ல இது. லேத்காரர் டயல் அளவுகோலைப் பிளைவீலில் பூட்டிச் சுழற்றிப் பார்க்கவேண்டும். அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு மேல் விலகல் இருந்தால் ஏற்கக்கூடாது. சரிபார்த்தபின், அது நகராதபடி இரண்டு முளைகள் அடிக்கவேண்டும். போல்ட் மட்டும் போதாது, போல்ட்டின் துளையில் அசைவு இருக்கும். விலகிய பெட்டி முதல் மாதம் நன்றாகத்தான் ஓடும். பிறகு கிராங் தண்டின் முனையிலுள்ள சிறு பித்தளைப் புஷ் தின்னப்படும், கிளச் பிளேற்றின் நடுப்பகுதி உடையும், நாலாம் கியர் துள்ளும். அப்போது பெட்டியை விற்றவரை ஏசுவார்கள். குற்றம் தகட்டில்.

தகட்டின் தடிப்பு எவ்வளவோ, அவ்வளவுக்குப் பெட்டி பின்னால் போகிறது. முன் தண்டின் நுனி அந்தப் புஷ்ஷுக்குள் எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாவிட்டால் நீளமான புஷ் கடைந்து போடவேண்டும். கிளச் பிளேற்றின் வெளிவட்டம் எஞ்சின் பக்கத்துக்குப் பொருந்தவேண்டும், நடுவிலுள்ள பற்கள் புதிய பெட்டியின் தண்டுக்குப் பொருந்தவேண்டும். இரண்டு பிளேற்றை வெட்டி வெல்டிங் பண்ணி ஒன்றாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வாருங்கள். கிளச் பிளேற் திருத்தும் தொழில் தெரிந்தவரிடம் நடுப்பகுதியை மாற்றி ஆணி அறைந்து எடுக்கவேண்டும். மொறிஸின் கிளச் கம்பிகளாலும் நெம்புகளாலும் இயங்குவது; புதிய பெட்டியில் நெம்பு வேறு பக்கத்தில் நிற்கலாம், அதற்கும் வழி யோசித்துவிட்டே காசைக் கொடுங்கள்.

அடுத்தது ஆபத்தான இடம். மொறிஸின் முன் சக்கரங்களைத் தாங்குவது சுருள் வில் அல்ல, பக்கத்துக்கு ஒன்றாக நீளவாக்கில் ஓடும் முறுக்குக் கம்பிகள். அவற்றின் பின் முனைகள், கியர் பெட்டிக்குப் பின்புறமாகத் தரைக்கடியில் ஓடும் குறுக்குச் சட்டத்தில் பிடிக்கப்பட்டிருக்கின்றன. காரின் முன் பாரம் முழுவதும் முறுக்காக வந்து இறங்குவது அந்தச் சட்டத்தில். புதிய பெட்டி பழையதைவிடப் பருமனாக இருந்தால் சட்டம் இடிக்கும். இடிக்கும் இடத்தை வாயு விளக்கால் வெட்டிவிட்டுப் பெட்டியை ஏற்றிய காரொன்றைப் பார்த்தேன். சில மாதத்தில் ஒரு பக்கம் தாழ்ந்து, கதவு சாத்த மறுத்தது. அதற்கு மேல் ஓட்டியிருந்தால் என்ன நடந்திருக்குமோ. பெட்டியைத் தாங்கும் முன் தாங்கி போல்ட்டால் பூட்டப்பட்டது, அதை மாற்றிச் செய்யலாம். தரைத் தகட்டின் மேல்மூடியும் கழற்றக்கூடியது, அதை உயர்த்தலாம். முறுக்குக் கம்பியின் சட்டத்தை மட்டும் வெட்டக்கூடாது. எங்காவது கட்டாயம் குறைக்கவேண்டியிருந்தால், குறைத்ததைவிடத் தடித்த தகட்டால் பெட்டி போல் மூடி, நல்ல வெல்டரின் கையால் முழு நீளத்துக்கும் ஒட்டவேண்டும். நீண்டகாலம் நின்ற காரில் அந்தச் சட்டம் உள்ளே உக்கியிருக்கலாம். சிறிய சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மொத்தென்று ஒலித்தால் கியர் பெட்டிக் கதையை நிறுத்திவிட்டு முதலில் சட்டத்தைக் கவனியுங்கள். சாரதியின் காலடியில், சட்டத்துக்குள்ளேதான் பிறேக்கின் பிரதான சிலிண்டரும் இருக்கிறது. வெல்டிங் பொறி அதன் குழாய்களில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புறொப்பலர் சாப்டின் நீளம் மாறும். பெட்டி தன் இடத்தில் உறுதியாக இருந்தபின், சக்கரங்கள் தரையில் நிற்க, பாரம் ஏறிய நிலையில் அளவெடுக்கவேண்டும். ஜக்கில் தொங்கும்போது எடுத்த அளவு பிழை. முன் முனை பெட்டிக்குள் வழுக்கிப் போய்வர ஏறத்தாழ ஓர் அங்குலம் இடம் விடுங்கள். குழாயை வெட்டுமுன் அதன் முழு நீளத்துக்கும் வெண்கட்டியால் ஒரு நேர்கோடு இழுத்துவிட்டால், இரு முனைக் கவைகளும் மீண்டும் ஒரே திசையில் வந்து சேரும். அது பிசகினால் கார் குறிப்பிட்ட வேகத்தில் நடுங்கும், எத்தனை ரயர் மாற்றினாலும் தீராது. எஞ்சினின் சரிவும் டிபரென்சியலின் சரிவும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்கவேண்டும் என்பதையும் தாங்கி செய்பவருக்குச் சொல்லுங்கள். சாப்டின் முன் பக்கத்தைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் போடுவது நல்லது. மூட்டு உடைந்தால் அது தெருவில் குத்திக் காரைத் தூக்கி எறியாமல் வளையம் தாங்கும்.

வேகமானி பிழை காட்டும். வீதியோரக் கிலோமீற்றர்க் கற்களுக்கிடையே ஓடிப் பார்த்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மொறிஸின் வேகமானி மைலில் இருப்பதையும் மறக்கவேண்டாம்.

ஓட்டிப் பார்த்தல்

முதல் நூறு கிலோமீற்றர் வெறும் காராக ஓட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் கீழே பார்த்து எண்ணெய் ஒழுக்கு உண்டா, போல்ட் இளகியதா என்று சோதியுங்கள். புறொப்பலர் மூட்டைக் கையால் தொட்டால் சுடக்கூடாது. பிறகு பாதிப் பாரம், அதன் பின்னரே முழுப் பாரம். மொறிஸ் சலூன் லொறி அல்ல என்பதையும், ஐந்து கியர் வந்ததால் அதன் வில்லும் பிறேக்கும் பலமடையவில்லை என்பதையும் ஏற்றுபவருக்குச் சொல்லுங்கள். ஐந்நூறு கிலோமீற்றரில் பெட்டியின் எண்ணெயை மாற்றுங்கள். புதிய பெட்டிக்கு அதன் தயாரிப்பாளர் சொன்ன கியர் எண்ணெய்தான், இப்போது எஞ்சின் எண்ணெய் அல்ல. எந்த எண்ணெய் என்று பெட்டியின் மேலேயே வர்ணத்தால் எழுதிவிட்டால் அடுத்து வரும் மெக்கானிக் குழம்பமாட்டார்.

கழற்றிய பழைய பெட்டியை நிறைக்குக் கொடுத்துவிடாதீர்கள். எண்ணெயை வடித்து, உள்ளே சிறிது புதிய எண்ணெய் ஊற்றிச் சுழற்றி, வாய்களை அடைத்து, சாக்கில் சுற்றிக் கூரைக்கடியில் ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். தாங்கி, பழைய கிளச் பிளேற், போல்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பால்மாத் தகரத்தில் போட்டு அதோடு கட்டி வையுங்கள்.